கனெக்டிங் ராடு: முதலில் அளவு, பிறகுதான் பொருத்தல்

இன்ஜின் வேலையில் புதிதாக இறங்குபவர்கள் பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடைக் கழற்றிச் சுத்தம் செய்து, புது பேரிங் போட்டு, போல்ட்டை முறுக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுவதுண்டு. உண்மையில் பொருத்துவது கடைசியில் வரும் சிறிய வேலை. அதற்கு முன் அளப்பதில்தான் நேரமும் பொறுமையும் செலவாக வேண்டும்.

ராடு என்ன தாங்குகிறது என்பதை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) 86 மி.மீ., பிஸ்டனும் அதை ராடோடு இணைக்கும் பின்னும் ரிங்குகளும் சேர்ந்து அரை கிலோ, வேகம் நிமிடத்துக்கு 6000 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் உச்சியில் நின்று திரும்பும்போது ராடை இழுக்கும் விசை ஏறத்தாழ 11,000 நியூட்டன். ஒரு டன்னுக்கு மேற்பட்ட எடையைத் தொங்கவிடுவதற்கு அது சமம். எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் முடிவில் இந்த இழுப்பை எதிர்த்துத் தாங்க வாயு அழுத்தமும் இருக்காது. அப்போது முழுச் சுமையும், ராடின் அடிப்பகுதியை மூடும் கேப்பின் இரண்டு போல்ட்டுகள் மேல் விழுகிறது, அதுவும் நொடிக்கு ஐம்பது முறை. இத்தனைக்கும் நடுவில் உலோகம் உலோகத்தைத் தொடாமல் காப்பது தலைமுடியை விட மெல்லிய ஓர் எண்ணெய்ப் படலம்தான். அந்தப் படலத்துக்கு வேண்டிய இடத்தை நாம்தான் அளந்து கொடுக்கிறோம்.

கழற்றும்போதே தொடங்கும் வேலை

ஒவ்வொரு ராடும் அதன் கேப்பும் ஒன்றாகச் சேர்த்துத் துளையிடப்பட்ட ஜோடி. ஒன்றின் கேப்பை இன்னொன்றில் மாட்டினால் துளை வட்டமாக இராது. அதே கேப்பையே திசை மாற்றி மாட்டினாலும் இதே கதிதான். எனவே எதையும் தளர்த்துவதற்கு முன் ராடிலும் கேப்பிலும் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சிலிண்டர் எண்ணை அழியாத பெயின்ட்டால் இரண்டிலும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். எண் அச்சைச் சுத்தியலால் அடித்துப் பதிக்கும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. அந்த அடி ராடின் உடலில் விரிசல் தொடங்கும் இடமாகிவிடலாம். துளையின் வட்டத்தையும் கெடுக்கலாம்.

இப்போதைய பல இன்ஜின்களில் ராடும் கேப்பும் அறுத்துப் பிரிக்கப்படுவதில்லை. ஒரே துண்டாகச் செய்து, முறித்துப் பிரிக்கிறார்கள். சேரும் முகம் உடைந்த கல் போலச் சொரசொரப்பாக இருக்கும். அந்த மேடு பள்ளங்கள் தம் ஜோடியோடு மட்டுமே பொருந்தும். இப்படிப்பட்ட ராடை மேசைமேல் முகம் கவிழ்த்து வைக்காதீர்கள், அரத்தையும் உப்புத்தாளையும் அதன் அருகில் கொண்டுபோகாதீர்கள்.

கேப்பைக் கழற்றும் முன் பக்கவாட்டு இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளியில் நுழைத்து அளக்கும் மெல்லிய தகடுகள்) அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ராடை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு, மறுபக்கம், ராடு அமர்ந்து சுற்றும் கிராங்க் பின்னின் தோளுக்கும் ராடுக்கும் நடுவில் கேஜை நுழைக்க வேண்டும். பெரும்பாலான கார் இன்ஜின்களில் இது 0.10 முதல் 0.35 மி.மீ. வரை இருக்கும். சரியான எல்லையை அந்த இன்ஜினின் சர்வீஸ் கையேடு சொல்லும். இந்தக் கட்டுரையில் நான் தரும் எண்கள் எல்லாம் எதை எதிர்பார்க்கலாம் என்று காட்டுவதற்கே. இறுதித் தீர்ப்பு எப்போதும் கையேட்டினுடையது.

போல்ட் ராடிலேயே நிற்கும் வகை என்றால், பிஸ்டனை மேலே தள்ளும் முன் அவற்றின் மேல் ரப்பர் குழாய்த் துண்டுகளை மாட்டுங்கள். மரை கிராங்க் பின்னில் ஒருமுறை உரசினாலே போதும், கிராங்கை கிரைண்டிங்குக்கு அனுப்ப வேண்டி வரலாம். சிலிண்டரின் மேல்விளிம்பில் தேய்மானத்தால் உண்டான மேடு இருந்தால் அதை முதலில் நீக்குங்கள், இல்லாவிட்டால் ரிங் அங்கே சிக்கும்.

பழைய பேரிங் சொல்லும் கதை

கழற்றிய பேரிங் ஷெல்களை, அதாவது பேரிங்கின் இரு அரைவட்டத் துண்டுகளை, தூக்கி எறிய அவசரப்படாதீர்கள். எந்த ராடு, மேலா கீழா என்று குறித்து வரிசையாக வைத்து நன்றாகப் பாருங்கள். மேற்பரப்பு எங்கும் ஒரே சீரான மங்கல் சாம்பல் நிறம் என்றால் இயல்பான தேய்மானம். சுற்றிலும் நீளக் கீறல்கள் இருந்தால் எண்ணெயில் அழுக்கு. செம்பு நிறம் தெரிகிறது என்றால் மேல் பூச்சு முழுதும் போய்விட்டது. எண்ணெய்ப் பற்றாக்குறையா, இடைவெளிப் பிழையா என்று தேட வேண்டும்.

தேய்மானம் மூலைவிட்டமாக, மேல் ஷெல்லில் ஒரு விளிம்பிலும் கீழ் ஷெல்லில் எதிர் விளிம்பிலும் இருந்தால் கவனம்: ராடு வளைந்திருக்கிறது. பிஸ்டனின் பக்கவாட்டிலும் அதே சாய்வில் தேய்மானம் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். கேப் சேரும் இடத்துக்கு அருகில் மட்டும், எதிரெதிர்ப் பக்கங்களில் தேய்ந்திருந்தால் கேப் நகர்ந்து பொருந்தியிருக்கலாம். இதையெல்லாம் பார்க்காமல் புது ஷெல்லைப் போட்டால், பழைய ஷெல்லைத் தின்ற அதே காரணம் புதியதையும் தின்றுவிடும்.

அளக்கும் கருவிகள்

வெளி அளவு மைக்ரோமீட்டர், துளையின் விட்டத்தை அளக்கும் டயல் போர் கேஜ், முறுக்குவிசையைக் காட்டும் டார்க் ரெஞ்ச், ஃபீலர் கேஜ் ஆகிய நான்கும் வேண்டும். மைக்ரோமீட்டர் 0.001 மி.மீ. வரை படிக்கக்கூடியதாக இருந்தால் நல்லது. நாம் தேடும் இடைவெளியே 0.03, 0.04 மி.மீ. என்ற அளவில்தான் இருக்கிறது, 0.01 மி.மீ. மட்டும் காட்டும் கருவி அதில் கால் பங்கை விழுங்கிவிடும். வெர்னியர் காலிப்பர் இந்த வேலைக்கு உதவவே உதவாது.

வெப்பநிலையையும் மறக்க வேண்டாம். எஃகு ஒவ்வொரு டிகிரிக்கும் மீட்டருக்குச் சுமார் 11.5 மைக்ரான் விரியும். 50 மி.மீ. விட்டமுள்ள பாகம் 10 டிகிரி சூடாக இருந்தால் கிட்டத்தட்ட 6 மைக்ரான் பெரிதாகத் தெரியும். கழுவி வெயிலில் காயவைத்த ராடையும் நிழலில் இருந்த கிராங்கையும் உடனே அளந்தால் வரும் விடை பொய். எல்லாப் பாகங்களையும் கருவிகளையும் ஒரே அறையில் ஓரிரவு வைத்துவிட்டு மறுநாள் அளப்பதே நல்லது. மைக்ரோமீட்டரையும் நெடுநேரம் கையில் பிடித்திருக்காதீர்கள்.

கிராங்க் பின்

ஒவ்வொரு பின்னையும் குறைந்தது நான்கு முறை அளக்க வேண்டும்: முன்பக்கம் ஓரிடம், பின்பக்கம் ஓரிடம், இரண்டிலும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகள். எண்ணெய்த் துளையின் மேல் மைக்ரோமீட்டர் அமராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் இரு திசைகளுக்கும் உள்ள வேறுபாடு பின் எவ்வளவு நீள்வட்டமாகிவிட்டது என்பதைக் காட்டும். முன்பக்க அளவுக்கும் பின்பக்க அளவுக்கும் உள்ள வேறுபாடு டேப்பர். இவை 0.005 மி.மீ.க்குள் இருந்தால் மகிழ்ச்சி, 0.02 மி.மீ.யைத் தொட்டால் பெரும்பாலான கையேடுகள் கிரைண்டிங்குக்கு அனுப்பச் சொல்லும். நகத்தை மேற்பரப்பில் ஓட்டிப் பாருங்கள், நகம் சிக்கும் கீறல் இருந்தால் அளவு சரியாக இருந்தும் பயனில்லை.

பிக் எண்ட் துளை

கிராங்க் பின்னில் அமரும் ராடின் பெரிய முனைதான் பிக் எண்ட். அதன் துளையை முதலில் ஷெல் இல்லாமல் அளக்க வேண்டும். சேரும் முகங்களைத் துடைத்து, கேப்பை அதன் திசையில் வைத்து, போல்ட்டுகளைக் கையேடு சொல்லும் முழு முறுக்குவிசைக்கு இறுக்குங்கள். பாதி இறுக்கத்தில் அளந்த துளை வேறு, முழு இறுக்கத்தில் இருக்கும் துளை வேறு. போல்ட் இறுகும்போது ராடின் உலோகம் அமுங்கித் தன் உண்மையான வடிவத்துக்கு வருகிறது. ஒருமுறை மட்டுமே பயன்படுத்தக்கூடிய போல்ட்டுகள் என்றால், அளப்பதற்குப் பழைய போல்ட்டுகளையே பயன்படுத்துங்கள். புதியவற்றை இறுதிப் பொருத்தலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வேறு வகைப் போல்ட்டுக்கு மாறப்போகிறீர்கள் என்றால் அந்தப் போல்ட்டிலேயே அளக்க வேண்டும், ஏனெனில் இறுக்கம் மாறினால் துளையின் வடிவமும் மாறும்.

இறுக்கும்போது ராடை வைஸில் பிடிக்கும் இடம் பிக் எண்ட்டாக இருக்கட்டும், வைஸின் தாடைகளுக்கு அலுமினியத் தகடு போடுங்கள். நடு உடலைப் பிடித்துக்கொண்டு முறுக்கினால் ராடையே முறுக்கிவிடுவீர்கள்.

துளையை மூன்று திசைகளில் அளந்து பாருங்கள். 0.025 மி.மீ.க்கு மேல் வட்டம் குலைந்திருந்தால் ராடு அப்படியே பயன்படாது.

அளவின் உயிர்நாடி

இனி வருவதை நிதானமாகப் படியுங்கள். நமக்கு உண்மையில் வேண்டியது பின்னின் விட்டமோ துளையின் விட்டமோ அல்ல. இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் எண்ணெய் இடைவெளி. பின்னை ஒரு கருவியாலும் துளையை வேறொரு கருவியாலும் தனித்தனியே அளந்து கழித்தால், இரண்டின் பிழைகளும் விடையில் வந்து சேரும். 48 மி.மீ.யில் 0.01 மி.மீ. பிழை என்பது ஒன்றுமே இல்லை, 0.04 மி.மீ.யில் அதே பிழை கால் பங்கு.

எனவே இப்படிச் செய்யுங்கள். மைக்ரோமீட்டரால் பின்னை அளந்து, அதே அளவில் பூட்டிவிடுங்கள். பூட்டிய மைக்ரோமீட்டரின் இரு முனைகளுக்கு நடுவில் போர் கேஜை வைத்து மெல்ல அசைத்து, மிகக் குறைந்த அளவு காட்டும் இடத்தில் டயலைச் சுழியத்துக்குத் திருப்புங்கள். பிறகு ஷெல்களைப் போட்டு முழுதாக இறுக்கிய ராடின் துளையில் அதே கேஜை நுழையுங்கள். டயல் காட்டுவதுதான் இடைவெளி. மைக்ரோமீட்டரே சிறிது பிழையாக இருந்தாலும் அந்தப் பிழை இரண்டு பக்கமும் சமமாக இருப்பதால் அடிபட்டுப் போகிறது.

எடுத்துக்காட்டாக, பின் 47.985 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அந்த அளவில் சுழியம் வைத்த கேஜ் துளைக்குள் 0.038 காட்டினால் இடைவெளி 0.038 மி.மீ. கழித்தல் கணக்குகூடத் தேவையில்லை. டயலின் திசையில் மட்டும் கவனம் வேண்டும்: பெரும்பாலான போர் கேஜ்களில் துளை சிறிதாகும்போதுதான் ஊசி வலப்புறமாக ஓடும். சுழியத்துக்கு இடப்பக்கம் ஊசி நின்றால் துளை பின்னை விடப் பெரிது, அதாவது நமக்கு வேண்டிய நிலை. வலப்பக்கம் நின்றால் எங்கோ தவறு, மேலே போகாதீர்கள்.

கேஜை ராடின் நீளத் திசையில், அதாவது கேப் சேரும் கோட்டுக்குச் செங்குத்தாக வைத்து அளக்க வேண்டும். ஷெல்கள் சேரும் கோட்டருகே வேண்டுமென்றே சிறிது மெலிதாகச் செய்யப்பட்டிருக்கும். அங்கே அளந்தால் இடைவெளி அதிகமாகத் தெரிந்து உங்களைக் குழப்பும்.

எவ்வளவு இருக்க வேண்டும்? விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது மெக்கானிக்குகளின் பழைய கணக்கு, 48 மி.மீ. பின்னுக்கு 0.048 மி.மீ. மெல்லிய எண்ணெயில் ஓடும் புதிய இன்ஜின்களில் இதைவிடக் குறைவாகவே கேட்பார்கள். இடைவெளி குறைந்தால் எண்ணெய் ஓட்டம் குறைந்து பேரிங் சூடேறி ஒட்டிக்கொள்ளும். கூடினால் எண்ணெய் ஓரங்களில் கசிந்து அழுத்தம் இறங்கும், ராடு தட்டத் தொடங்கும்.

போர் கேஜ் கிடைக்காதவர்களுக்குப் பிளாஸ்டிகேஜ் இருக்கிறது. மெழுகு போன்ற மெல்லிய இழை அது; பச்சை நிற உறையில் வருவது 0.025 முதல் 0.076 மி.மீ. வரை அளக்கும். பின்னையும் ஷெல்லையும் எண்ணெய்ப் பசையின்றித் துடைத்து, இழையைப் பின்னின் நீளவாக்கில் வைத்து, கேப்பை முழுதாக இறுக்கிக் கழற்றுங்கள். நசுங்கிய இழையின் அகலத்தை உறையில் அச்சிட்ட அளவோடு ஒப்பிட வேண்டும். அகலம் கூடினால் இடைவெளி குறைவு. இழை உள்ளே இருக்கும்போது கிராங்கை இம்மி அளவும் திருப்பக்கூடாது. இழை ஒரு முனையில் அகன்றும் மறுமுனையில் குறுகியும் இருந்தால் டேப்பர். வட்டம் குலைந்திருப்பதை இது காட்டாது. அதனால் போர் கேஜ் சொன்னதைச் சரிபார்க்க இதை வைத்துக்கொள்வதே என் பரிந்துரை.

அளவு சரியில்லை என்றால்

நூலிழை வேறுபாடு என்றால் அதே இன்ஜினுக்கு நிறக் குறியிட்ட வெவ்வேறு தடிமன் ஷெல்கள் கிடைக்கின்றனவா என்று பாருங்கள். கிராங்க் பின் தேய்ந்திருந்தால் 0.25 அல்லது 0.50 மி.மீ. குறைத்து கிரைண்ட் செய்து, அதற்கேற்ற தடித்த ஷெல் போட வேண்டும். துளை வட்டம் குலைந்திருந்தால் லேத் பட்டறையில் கேப்பின் முகத்தைச் சிறிது சீவி மறுபடி ஹோனிங் செய்து (துளையை நுண்மையாகத் தேய்த்து) தருவார்கள். முறித்துப் பிரித்த ராடில் முகத்தைச் சீவ வழியில்லை, பொதுவாக ராடையே மாற்றிவிடுவார்கள்.

செய்யவே கூடாதவை இரண்டு. தட்டும் பேரிங்கை இறுக்க வேண்டும் என்று கேப்பின் முகத்தை அரத்தால் தேய்ப்பது ஒன்று. ஷெல்லுக்கு அடியில் தகடோ தாளோ வைப்பது மற்றொன்று. ஷெல்லின் முதுகு முழுதும் ராடோடு ஒட்டியிருந்தால்தான் அதன் வெப்பம் வெளியேறும். அந்த ஒட்டுதலுக்காகவே ஷெல்லின் நுனிகள் சேரும் முகத்தை விட ஒரு துளி உயரமாக விடப்படுகின்றன. இறுக்கும்போது அவை ஒன்றையொன்று அழுத்தி ஷெல்லைத் துளையில் இறுகப் பதிக்கின்றன. அந்த உயரத்தை மிச்சம் என்று நினைத்துத் தேய்த்துவிடாதீர்கள்.

ஸ்மால் எண்ட், வளைவு, முறுக்கு

ஸ்மால் எண்ட் என்பது பிஸ்டன் பின் நுழையும் ராடின் சிறிய முனை. பிஸ்டன் பின் அதில் தடையின்றிச் சுழலும் மிதக்கும் வகை என்றால், எண்ணெய் தடவிய அந்தப் பின் அறை வெப்பநிலையில் கட்டைவிரல் அழுத்தத்துக்கு நழுவிப் போக வேண்டும். தானாக விழக்கூடாது, ஆட்டினால் ஆடக்கூடாது. இறுக்கிப் பொருத்தும் வகைக்கு ராடைச் சூடாக்கவும் பின்னைச் சரியான ஆழத்தில் நிறுத்தவும் தனிக் கருவிகள் வேண்டும். தொடக்கத்தில் அதைப் பட்டறையிடம் விட்டுவிடுங்கள்.

வளைவையும் முறுக்கையும் ராடு அலைன்மென்ட் கருவியில்தான் பார்க்க முடியும். 100 மி.மீ. நீளத்துக்கு 0.05 மி.மீ. வளைவு என்பது பல கையேடுகள் தரும் எல்லை. கண்ணுக்குத் தெரியும் வளைவு என்றால் அது எல்லையை எப்போதோ தாண்டிவிட்டது. தண்ணீர் உள்ளே போய்த் தடைபட்டு நின்ற இன்ஜினில் எல்லா ராடுகளையும் சந்தேகியுங்கள், நீளத்தையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள்.

பொருத்துதல்

கையையும் மேசையையும் கழுவிவிட்டுத் தொடங்குங்கள். ராடின் இருக்கையும் ஷெல்லின் முதுகும் உலர்ந்திருக்க வேண்டும், அங்கே எண்ணெய் கூடாது. ஷெல்லின் கொக்கி அதன் பள்ளத்தில் அமர வேண்டும். கொக்கி இல்லாத ஷெல் என்றால் இரு ஓரமும் சமமாக நிற்கும்படி நடுவில் வையுங்கள். ராடில் எண்ணெய்த் துளை இருந்தால் ஷெல்லின் துளை அதோடு சேர்கிறதா என்று பாருங்கள். பிறகு ஷெல்லின் உட்புறம், கிராங்க் பின், சிலிண்டர், ரிங்குகள் எல்லாவற்றுக்கும் தாராளமாக எண்ணெய் தடவுங்கள்.

ரிங் வாய்களைக் கையேட்டின்படி விலக்கி வைத்து, ரிங்குகளை அமுக்கிப் பிடிக்கும் ரிங் கம்ப்ரஸரை இறுக்குங்கள். அந்தச் சிலிண்டரின் கிராங்க் பின் கீழ்நிலையில் இருக்கட்டும். பிஸ்டனின் அம்பு இன்ஜினின் முன்பக்கம், ராடின் குறி அதற்குரிய பக்கம். V வடிவ இன்ஜினில் இரண்டு ராடுகள் ஒரே பின்னில் அமரும். சரிவு வெட்டிய ஓரம் பின்னின் தோளைப் பார்க்க வேண்டும், தட்டையான ஓரங்கள் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். சுத்தியலின் மரப்பிடியால் பிஸ்டனை மெல்லத் தள்ளுங்கள். எங்காவது நின்றால் அடிக்காதீர்கள். ஒரு ரிங் வெளியே தப்பியிருக்கும். எடுத்து மறுபடி தொடங்குங்கள்.

போல்ட்டின் மரைக்கும் தலையடிக்கும் கையேடு சொல்லும் எண்ணெயைத் தடவுங்கள். ரெஞ்சில் நாம் கொடுக்கும் விசையில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இறுக்குகிறது, மற்றதெல்லாம் உராய்வுக்குப் போகிறது. மரை உலர்ந்திருந்தால் ரெஞ்ச் சரியான எண்ணில் கிளிக் என்றாலும் போல்ட் தளர்வாகவே இருக்கும். இந்த நிச்சயமின்மையைத் தவிர்க்கத்தான் புதிய இன்ஜின்களில் சிறிய முறுக்குவிசைக்குப் பின் 90 டிகிரி போன்ற கோணத்தில் திருப்பச் சொல்கிறார்கள். மரை ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. ஏறும் என்றால் 90 டிகிரி என்பது 0.25 மி.மீ.; உராய்வு எப்படி இருந்தாலும் அந்த நகர்வு மாறாது. கோணத்தைக் கண் மதிப்பில் விடாமல் கோண கேஜோ பெயின்ட் குறியோ வைத்துக்கொள்ளுங்கள். இரு போல்ட்டுகளையும் மாறி மாறி, படிப்படியாக இறுக்குங்கள்.

ஒவ்வொரு ராடைப் பொருத்தியதும் கிராங்கை ஒரு முழுச் சுற்று கையால் திருப்புங்கள். ரிங்குகளின் உராய்வால் சிறிது கனம் கூடுவது இயல்பு. திடீரென்று பிடித்தாலோ ஓரிடத்தில் மட்டும் கனத்தாலோ கடைசியாகப் பொருத்திய ராடைக் கழற்றிப் பாருங்கள். நான்கையும் பொருத்திவிட்டுத் திருப்பிப் பார்த்தால் குற்றவாளி எது என்று தெரியாது. ராடைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் லேசாக நகர வேண்டும். ஃபீலர் கேஜால் மறுபடி அளந்து முன்பு எழுதிய எண்ணோடு ஒப்பிடுங்கள். இறுக்கி முடித்த ஒவ்வொரு போல்ட் தலையிலும் பெயின்ட் கோடு போடுங்கள். கோடில்லாத போல்ட் இருந்தால் ஆயில் சம்ப்பை மூடக் கூடாது.

முதல் முறை இயக்கும் முன் எண்ணெய்ப் பாதை நிரம்ப வேண்டும். புது ஃபில்டரில் எண்ணெய் ஊற்ற முடிந்தால் ஊற்றுங்கள். பெட்ரோல் இன்ஜினில் எரிபொருளையும் இக்னிஷனையும் நிறுத்தி, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டரால் இடைவெளி விட்டு விட்டுச் சுழற்றுங்கள். எண்ணெய் அழுத்த விளக்கு அணைந்த பிறகே பிளக்குகளை மாட்டி இன்ஜினை உயிர்ப்பிக்கலாம்.